மூன்று வாட்டுக்குக் கீழே

12 அக்டோபர் 2024, சனி

பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜை ஒழித்துக்கொண்டிருக்கிறார். வசந்தம் வந்ததும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாராம். மதியம் வேலியோரம் நின்று கூப்பிட்டார். கையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று, தோளில் கறுப்பு கேபிள் சுருள். இறந்துபோன தம்பியின் சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ. இவர் ஐ-75 நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிய காலத்தில், வண்டி டேட்டனை நெருங்கும்போது தம்பி வீட்டிலிருந்து இந்தப் பெட்டியில் பேசுவாராம்.

கம்பெனிப் பெயர்ப்பலகை எப்போதோ பெயர்ந்துவிட்டது. மூடியின் உட்புறம், எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாள் மட்டும் பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரான்ஸ்மிட்டரின் கடைசி வால்வு 6ஏக்யூ5. ஆடியோவுக்கும் அதே வால்வு இன்னொன்று. கேட்கும்போது ஸ்பீக்கரை ஓட்டும், பேசும்போது மாடுலேட்டராக மாறும். அந்தக் காலத்து சிக்கனம். 1960களின் முதல் பாதியில் செய்ததாக இருக்க வேண்டும்.

எனக்குச் சும்மாவே கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. சரிசெய்யும்போது கொஞ்சம் 'ஏற்றி' விட வேண்டும், பத்து வாட்டாவது வர வேண்டும், தம்பி கடைசிவரை அதற்குத்தான் ஆசைப்பட்டான் என்றார்.

27 மெகாஹெர்ட்ஸில் அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 1958இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இந்த அலைவரிசையைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது கடைசி வால்வுக்குள் போகும் மின்சாரத்துக்கு 5 வாட் என்று வரம்பு வைத்தது. பிறகு வெளியே வருவதை அளக்கத் தொடங்கினார்கள், இப்போது ஏ.எம். என்றால் 4 வாட். உள்ளே கைவைத்துத் திறனை ஏற்றிய பெட்டி சி.பி.க்கு ஆகாது. என்னிடம் ஹாம் எனும் அமெச்சூர் ரேடியோ உரிமம் இருக்கிறது, ஜெனரல் வகுப்பு. பெட்டியை 29 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்த்திவிட்டால் அது பத்து மீட்டர் ஹாம் அலைவரிசை. அங்கே எதை வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக் கட்டலாம், 1500 வாட் வரை போகலாம். அங்கேதான் கொண்டுபோகப் போகிறேன் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

13 அக்டோபர், ஞாயிறு

முதல் நாளே மின்சாரம் கொடுக்கக் கூடாது. அறுபது வருடப் பெட்டியை ஆவலில் பிளக்கில் செருகிப் பார்ப்பவர்கள் ஒன்று டிரான்ஸ்பார்மரை எரிப்பார்கள், இல்லை விரலைச் சுடுவார்கள்.

இரண்டு முள் பிளக். மின்கம்பி ஒன்றிலிருந்து நேராக சேசிஸுக்கு ஒரு காகிதக் கண்டென்சர். அது கசிந்தால் இரும்புப் பெட்டி முழுவதும் மின்சாரம். இங்குள்ள பழைய ரேடியோக்காரர்கள் அதற்கு எமன் கண்டென்சர் என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். வெட்டி எறிந்துவிட்டு, எர்த்தோடு கூடிய மூன்று முள் கம்பி போட்டேன். மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள் எல்லாம் போய்விட்டன. வடிகட்டும் பெரிய எலக்ட்ரோலிடிக் டப்பாவின் அடியில் உப்புப் பூத்திருந்தது, அதையும் மாற்றியாயிற்று.

பழைய செலினியம் ரெக்டிஃபயர் இருந்த இடத்தில் யாரோ சிலிக்கான் டையோடு போட்டிருக்கிறார்கள். ஈயம் வைத்த விதம் சுத்தமாக இருக்கிறது, தெரிந்த கை. தம்பியாக இருக்கலாம்.

15 அக்டோபர், செவ்வாய்

சூரியன் தன் பதினோரு வருடச் சுற்றின் உச்சக் கட்டத்தில் இருப்பதாக இன்று நாசாவும் நோவாவும் சேர்ந்து அறிவித்திருக்கின்றன. போன வியாழன் இரவு காந்தப் புயல் அடித்து இந்த மாநிலத்திலேயே வடக்கு வானம் சிவந்தபோது, அறிவிப்புக்குத் தேவையே இருக்கவில்லை. பத்து மீட்டர்க்காரர்களுக்கு இது அறுவடைக் காலம். உச்சம் கழிந்து சில வருடங்களில் இந்த அலைவரிசை பகலிலும் வெறிச்சோடிவிடும். இந்தக் குளிர்காலத்தை விடக் கூடாது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தொடரில் ஒரு 60 வாட் பல்பைப் போட்டு மெல்ல உயிர் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும். பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி அடங்கியது. நல்ல சகுனம். பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்தேன். வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

ஏரியலுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு, நடுவில் பேர்டு 43 வாட்மீட்டர். பழைய 11ஆம் சேனல் கிரிஸ்டல் ஒன்று உள்ளேயே இருந்தது. பேசும் பொத்தானை அழுத்தியதும் மீட்டர் 4.9 காட்டியது.

5 வாட் உள்ளே வாங்கும்படி செய்த பெட்டி இது. வெளியே மூன்று சொச்சம்தான் வர வேண்டும். பிளேட்டில் 298 வோல்ட், 27 மில்லிஆம்பியர். பெருக்கினால் 8 வாட். 6ஏக்யூ5க்கு அதிகபட்சம் 275 வோல்ட்தான் சொல்லியிருக்கிறார்கள். யாரும் ஏற்றாமலேயே ஏறியிருக்கிறது.

காரணம் இரண்டு. இந்தப் பெட்டி பிறந்தபோது வீட்டு மின்சாரம் 117 வோல்ட் என்ற கணக்கு. இன்று எங்கள் சுவரில் 123. அது 5 சதவீதம்தான், ஆனால் திறன் வோல்ட்டின் வர்க்கமாக ஏறும் என்பதால் 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். வால்வின் இழைக்கும் 6.3க்குப் பதில் 6.6 வோல்ட் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாவது, அந்த சிலிக்கான் டையோடு. செலினியம் தனக்குள் நிறைய வோல்ட்டை விழுங்கும், வயதாக ஆக இன்னும் அதிகமாக. சிலிக்கான் ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சமெல்லாம் பிளேட்டுக்குப் போய்விட்டது.

மைக்கை நோக்கி ஊதினேன். வாட்மீட்டர் முள் கொஞ்சம் மேலே எழ வேண்டும். கீழே இறங்கியது.

19 அக்டோபர், சனி

பெரியவர் காலையிலேயே டோனட் பெட்டியோடு வந்துவிட்டார். 4.9 என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அப்படியே விட்டுவிடச் சொன்னார்.

கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பழைய கதை. 1973 இறுதியில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது லாரியில் சி.பி. வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்த டிசம்பரில் டீசல் விலையை எதிர்த்து லாரிக்காரர்கள் பென்சில்வேனியாவில் ஐ-80 நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆள் சேர்த்தது இந்த ரேடியோதான். 1974 தொடக்கத்தில் நாடு முழுவதும் 55 மைல் வேக வரம்பு. எந்த பங்க்கில் டீசல் கிடைக்கும், எந்தப் பாலத்துக்கு அடியில் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று சொல்ல 19ஆம் சேனல். உரிமக் கட்டணம் 20 டாலராக இருந்தது 1975இல் 4 டாலரானது. வாங்கியவர்களைவிட வாங்காதவர்களே அதிகம் என்று சிரிக்கிறார், தன்னையும் சேர்த்து. 23 சேனல் போதாமல் 1977 ஜனவரி முதல் 40 ஆக்கினார்கள். 1983இல் உரிமமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கூட்டம் நெரிசலானதும் எல்லோருக்கும் வாட் பைத்தியம் பிடித்தது. சீட்டுக்கு அடியில் 'ஃபுட் வார்மர்' வைத்தார்கள். பெயர் பாதம் சூடாக்கும் சாதனம், உள்ளே இருந்தது நூற்றுக்கணக்கான வாட்டுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். 1978இல் எஃப்.சி.சி. அந்த மாதிரி ஆம்ப்ளிஃபயரைச் செய்வதையும் விற்பதையும் தடுத்தது. இன்றும் 6ஆம் சேனலைக் கேட்டால் தடை எந்த அளவுக்கு வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

பேச்சு ஓய்ந்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ரேடியோவில் சிக்னலின் பலத்தைச் சொல்லும் எஸ் அளவில் ஒரு படி என்பது 6 டெசிபல். ஒரு படி ஏற வேண்டுமென்றால் திறன் நாலு மடங்காக வேண்டும். 3.2 வாட்டிலிருந்து 4.9க்குப் போனால் கிடைப்பது 2 டெசிபலுக்கும் குறைவு. எதிரில் கேட்பவருக்கு முள் அசைந்ததுகூடத் தெரியாது. அவர் கேட்கும் பத்து வாட்டுக்கே ஒரு முழுப் படி வராது.

பிறகு அவர் கொண்டுவந்த கேபிள் சுருளைக் காட்டினேன். ஆர்ஜி-58, முப்பது மீட்டருக்குக் குறையாது. புதிதாக இருக்கும்போதே இந்த அலைவரிசையில் அத்தனை நீளம் 2 டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். இதன் நுனியை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புப் பின்னல் கறுத்து, தண்ணீர் ஏறியிருக்கிறது. வால்வைக் கஷ்டப்படுத்தித் தம்பி சேர்த்ததையெல்லாம் இந்தக் கேபிள் வழியிலேயே சாப்பிட்டிருக்கும்.

கேபிளைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி வாங்கியபோது அது நல்ல கேபிள்தான் என்றார். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

அவருக்கு இன்னும் சமாதானமாகவில்லை. முள் ஏன் கீழே இறங்கியது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஏ.எம்.இல் கேரியர் என்பது வெறும் வாகனம். பேச்சு அதன் இரண்டு பக்கமும் இருக்கும் பட்டைகளில் இருக்கிறது. கேரியரை முழுதாக அசைக்க வேண்டுமென்றால், கடைசி வால்வுக்குள் போகும் மின்சாரத்தில் பாதியளவு ஆடியோ வேண்டும். 5 வாட் உள்ளே போனால் இரண்டரை வாட் ஆடியோ போதும். 8 வாட் போனால் 4 வாட் வேண்டும். 6ஏக்யூ5 ஒன்று நல்ல நிலையில், சரியான லோடில், 250 வோல்ட்டில் கொடுக்கும் ஆடியோவே நாலரை வாட்தான். இது வயதான வால்வு; லோடும் பொருந்தவில்லை. கேரியர் பெருத்துவிட்டது, குரல் அதைத் தூக்க முடியாமல் திணறுகிறது. கேட்பவருக்குப் பெரிய இரைச்சலற்ற மௌனமும் அதன் நடுவில் ஒரு முணுமுணுப்பும் கேட்கும். வாட்மீட்டரை மட்டும் பார்த்துத் திருகுபவர்கள் எல்லோரும் வந்து சேரும் இடம் இதுதான். சி.பி. உலகில் இப்படி 'ட்யூன்' செய்து கொடுக்கப் பணம் வாங்கியவர்கள் ஏராளம் என்பது என் அபிப்பிராயம், அவரும் மறுக்கவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு

முதல் வேலை, இறக்குவது.

சின்ன 6.3 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்றின் இரண்டாம் சுற்றை மின்கம்பியோடு எதிர்த்திசையில் தொடராக இணைத்தால் 123 வோல்ட் 116.7 ஆகிவிடும். திசை மாற்றி இணைத்தால் 129 ஆகும் என்பதால், பெட்டியை மாட்டுவதற்கு முன் மீட்டரில் பார்த்துக்கொண்டேன். இழை வோல்ட் 6.3க்கு வந்தது. வால்வுகளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் செய்ய முடியாது.

செலினியம் விழுங்கிய பங்கை ஈடுகட்ட, சிலிக்கானுக்குப் பிறகு 330 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். இப்போது பேசும்போது பிளேட்டில் 254 வோல்ட். லோடிங் கண்டென்சரைத் திருப்பிக் கரண்டை 20 மில்லிஆம்பியருக்குக் கொண்டுவந்தேன். உள்ளே 5 வாட், வெளியே 3.2. மைக்கில் பேசினால் முள் மேலே போகிறது.

24 அக்டோபர், வியாழன்

மைக் செத்துவிட்டது. உள்ளே இருப்பது ரோஷெல் உப்புக் கிரிஸ்டல். ஈரத்திலும் வெயிலிலும் கரைந்து போகும் ஜாதி. அதே உறையில் செராமிக் ஒன்று வைத்தாயிற்று. வேறு வேலை ஓடவில்லை, ஆபீஸில் நேரமாகிவிட்டது.

26 அக்டோபர், சனி

கோடையில் வேறொரு திட்டத்துக்காக வெட்டி வாங்கிய 29.000 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கைவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஏ.எம். ஆட்கள் கூடும் இடமும் அதுதான். ரிசீவர் கிரிஸ்டல் இல்லாமல் தேடும் வகை என்பதால் அதைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் போதும்.

27.085இலிருந்து 29க்குப் போக ஒவ்வொரு சுற்றிலும் காயிலும் கண்டென்சரும் சேர்ந்த பெருக்குத்தொகை 13 சதவீதம் குறைய வேண்டும். ஆஸிலேட்டர் காயிலின் இரும்புத்தூள் தண்டை வெளியே திருகினேன். கடைசி மரை வரை வந்துதான் கிரிஸ்டல் பிடித்துக்கொண்டது. அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் உடனே கிளம்புகிறது. கடைசிச் சுற்றுக்கு முன்பக்கக் கண்டென்சரிலேயே இடம் இருந்தது. பிளேட் கரண்ட் குழிந்து இறங்கும் இடத்தைப் பிடித்து, லோடிங்கைத் திருப்பி, திரும்பக் குழியைப் பிடித்து, அப்படியே 20 மில்லிஆம்பியருக்கு வந்தாயிற்று.

ஏரியல் முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காயிலும் கண்டென்சரும் தனியாக நிற்கின்றன. 27இன் இரட்டிப்பு 54. அந்தக் காலத்து டி.வி.யின் 2ஆம் சேனல் சரியாக அங்கேதான் தொடங்கும். பக்கத்து வீட்டில் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பவரின் திரையில் சி.பி.க்காரர் வரிவரியாக வந்து சண்டை வராமல் இருக்க வைத்த பொறி அது. 29க்குப் போனால் இரட்டிப்பு 58. பொறியையும் நகர்த்த வேண்டும். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது, அலைமாலையில் 58க்கான குச்சி குட்டையாகும்வரை திருகினேன்.

வார இறுதி ஹாம்களின் உலகப் போட்டி. ரிசீவரைத் திறந்தால் கீழே 28இல் ஊர்ப்பட்ட கூச்சல். 29.000இல் யாரும் இல்லை.

31 அக்டோபர், வியாழன்

தீபாவளி. பட்டாசு இல்லாத தீபாவளி பழகிவிட்டது. மாலையில் தெருப் பிள்ளைகள் ஹாலோவீன் வேஷத்தில் கதவைத் தட்டியபோது அத்தை ஆளுக்கு ஒரு முறுக்கையும் சேர்த்துப் போட்டார்கள். அவர்கள் மதுரையிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. விளக்கணைத்த கராஜில் வால்வுகள் எரிவதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு மர்பி ரேடியோகூட இப்படித்தாம்மா, போட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் பாடும்" என்றார்கள். பிறகு, "கையை உள்ளே விடாதே, நல்ல நாளும் அதுவுமா" என்றார்கள். விடவில்லை.

2 நவம்பர், சனி

இன்றைக்குத்தான் நான் நினைத்த வேலை. பெட்டிக்குத் திறன் மாற்றும் சுவிட்ச்.

எதற்கு என்று என் கணவர் கேட்டார். அலைவரிசை திறந்திருக்கும் நாளில் ஒரு வாட்டில் கண்டம் தாண்டலாம். தேவைக்கு மேல் திறன் போடாதே என்பது ஹாம் விதியிலேயே இருக்கிறது. அதைவிட, எவ்வளவு குறைத்தாலும் பேச்சு போய்ச் சேருகிறது என்று பார்க்க எனக்கு ஆசை.

வழக்கமாகச் செய்வது ஸ்கிரீன் கிரிட்டில் கைவைப்பது. ஸ்கிரீனுக்குப் போகும் ரெசிஸ்டரைக் கூட்டினால் ஸ்கிரீன் வோல்ட் இறங்கும், பிளேட் கரண்ட் இறங்கும், கேரியர் குறையும். ஒரு வேரியபிள் ரெசிஸ்டர் போதும், பத்து நிமிட வேலை. சிக்கல் என்னவென்றால் மாடுலேட்டருக்கு இந்தச் சேதி போகாது. அது பழைய பெரிய கேரியருக்கு வேண்டிய ஆடியோவையே ஊட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கேரியர் பேச்சின் பள்ளத்தில் பூஜ்ஜியத்தில் மோதி அறுபடும். அறுபடும் ஒவ்வொரு தடவையும் பக்கத்து அலைவரிசைகளில் கரகரப்பு தெறிக்கும். சி.பி.க்காரர்கள் இதை விரும்பியே செய்வார்கள். பொத்தானை அழுத்தினால் அரை வாட், கத்தினால் முள் பாய்ந்து எழும். அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பூரிப்பார்கள். கேட்பதற்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல இருக்கும்.

வேறு வழி இருக்கிறது. 254 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் எடுக்கும் கடைசி வால்வு, மாடுலேட்டரின் கண்ணுக்கு 12.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் மாதிரித்தான் தெரியும். கிளாஸ் சி வால்வின் குணம் அது. வோல்ட் ஏறினால் கரண்ட் அதே விகிதத்தில் ஏறும். அப்படியானால், மாடுலேஷன் சேர்ந்த பிறகு, பிளேட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் பிரிவதற்கு முன்னால், பாதையில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் டி.சி.யும் ஆடியோவும் ஒரே விகிதத்தில் பங்கு பிரியும். கேரியர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு ஆடியோவும் குறையும். மாடுலேஷன் சதவீதம் அப்படியே நிற்கும். அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே கண்டென்சர் மட்டும் போட்டுவிடக் கூடாது. போட்டால் ஆடியோ அதன் வழியே குறையாமல் ஓடிவிடும்.

தாளில் போட்ட கணக்கு: 4.7 கிலோ ஓம் போட்டால் பிளேட்டுக்கு 185 வோல்ட், 14.6 மில்லிஆம்பியர், உள்ளே 2.7 வாட். 10 கிலோ ஓம் போட்டால் 142 வோல்ட், 11.2 மில்லிஆம்பியர், 1.6 வாட். ரெசிஸ்டரில் வீணாகும் சூடு முறையே 1 வாட், ஒன்றேகால் வாட். பேசும்போது அதில் பாதி கூடும். 5 வாட் ரெசிஸ்டர்கள் தாராளம்.

சுவிட்ச் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. பேச்சின் உச்சத்தில் அந்த முனையில் 500 வோல்ட் வரை எழும். செராமிக் தட்டு வைத்த பழைய மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்றை டப்பாவிலிருந்து தேடி எடுத்தேன். தண்டு உலோகம், சேசிஸோடு எர்த். பேசிக்கொண்டிருக்கும்போது திருப்புவதில்லை என்று முகப்பில் எழுதி ஒட்டினேன். வேலை முழுவதும் இடது கை பின்னால். ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்னும் கம்பு நுனியில் ரெசிஸ்டர் கட்டிய கம்பியால் எலக்ட்ரோலிடிக்கை எர்த்துக்கு இறக்கி, பிறகு மீட்டர் வைத்துப் பூஜ்ஜியம் பார்த்து. சின்ன மகள் இதை ஏதோ பூஜை மாதிரி வேடிக்கை பார்த்தாள்.

அளந்தது: 3.2, 1.6, 0.9 வாட். கணக்கு சொன்னதைவிட ஒரு நூல் கம்மி. கடைசி நிலையில் டம்மி லோடைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்தில் இந்தப் பெட்டிகளுக்கு டம்மி லோடாகப் பயன்படுத்திய 47ஆம் எண் டயல் பல்பை மாட்டினேன். 6.3 வோல்ட், 150 மில்லிஆம்பியர், ஏறக்குறைய ஒரு வாட். "வணக்கம்" என்றதும் பளீரென்று கூடுதலாக எரிந்தது. வாட்மீட்டரைவிட நேர்மையான கருவி.

ஆஸிலாஸ்கோப்பில் மூன்று நிலையிலும் அலையின் வடிவம் ஒன்றே, உயரம்தான் வேறு. ஒரே ஒரு திருத்தம்: ரெசிஸ்டர் கூடக் கூட மாடுலேட்டர் பார்க்கும் லோடும் கூடுகிறது, 12.7இலிருந்து 22.7 கிலோ ஓம் வரை. பெண்டோடு வகை வால்வு அந்த லோடில் இன்னும் கொஞ்சம் அதிக ஆடியோ வோல்ட் கொடுக்கிறது. மைக் கெயினை இலேசாகத் தணித்ததும் பள்ளம் அறுபடுவது நின்றது.

3 நவம்பர், ஞாயிறு

கடிகாரம் ஒரு மணி பின்னால் போன நாள். அத்தைக்கு ஏன் என்று விளக்க முடியவில்லை, எனக்கே சரியாகத் தெரியாது.

இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே அரையலை டைபோல் கட்டினேன். 29க்கு மொத்த நீளம் 4.92 மீட்டர்தான், தரையிலிருந்து ஏழு மீட்டர் உயரம். புதுக் கேபிள், பதினைந்து மீட்டருக்கு மேல் இல்லை. தடித்த ரகமாக வாங்கினேன். இந்தப் பெட்டிக்கு நான் செலவு செய்ததில் பாதி அதற்குத்தான் போயிற்று, நியாயமாக.

9 நவம்பர், சனி

மதியத்துக்கு மேல் மேற்குப் பக்கம் திறந்தது. 29.000இல் அரிசோனாவிலிருந்து ஒருவர் அழைத்துக்கொண்டிருந்தார். அவரும் வால்வு டிரான்ஸ்மிட்டர்தான், சூடான குரல். 3.2 வாட்டில் பதில் சொன்னேன். ஒரே தடவையில் பிடித்தார். எஸ் 7 என்றார்.

பெரியவரைப் போனில் கூப்பிட்டேன். வீட்டுச் செருப்போடு ஓடி வந்து கராஜ் ஸ்டூலில் உட்கார்ந்தார். கவனிக்கச் சொல்லிவிட்டு 1.6க்குத் திருப்பிப் பேசினேன். எஸ் 7, அல்லது ஆறரை என்றது அரிசோனா. 0.9க்கு இறக்கினேன். சொல்லும்போதே சிக்னல் அலையடித்து, எஸ் 5, இல்லை எஸ் 8, இப்போது திரும்ப 6 என்று மாற்றிக்கொண்டே போனார். வானம் ஆட்டும் ஆட்டத்தில் என் சுவிட்சின் மூன்று நிலையும் எங்கே ஒளிந்துகொண்டன என்றே தெரியவில்லை. 3.2க்கும் 0.9க்கும் நடுவில் மொத்தமே ஐந்தரை டெசிபல். அயனி மண்டலம் அரை நிமிடத்தில் அதைப்போல மூன்று பங்கு ஏற்றி இறக்குகிறது.

அரிசோனாக்காரர் ஆடியோவைப் பாராட்டினார். மாடுலேஷன் முழுதாக இருக்கிறது, ஓரங்கள் சுத்தம் என்றார். எந்த டிரான்ஸ்மிட்டர் என்று கேட்டார். பெயர் தெரியாத சி.பி. பெட்டி என்றதும் சிரித்துவிட்டு, தானும் அப்படி ஒன்றில்தான் தொடங்கியதாகச் சொன்னார்.

பெரியவர் ஒரு வாட்டில் அரிசோனாவா என்று கேட்கவில்லை. சி.பி.யிலும் சில நாள் இப்படி வெகுதூரம் போகும், ஆனால் 155 மைலுக்கு அப்பால் பேசக் கூடாது என்று ஒரு விதி இருந்தது, தம்பி அதை மீறியதே இல்லை என்றார். 2017இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள் என்றேன். அது அவருக்குத் தெரியாது. தாமதமாக எடுத்தார்கள் என்று ஒரு கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

16 நவம்பர், சனி

ரிசீவரில் ஒரு ஹம் வந்து வந்து போகிறது. முதல் ஆடியோ வால்வின் சாக்கெட்டில் ஒரு பின் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகம். அடுத்த வாரம் பார்க்க வேண்டும். டிசம்பர் நடுவில் பத்து மீட்டர் போட்டி வருகிறது. அப்போது கீழ்ப்பக்கம் நெரிசலாக இருக்கும், 29 தப்பிக்கும்.

பெரியவர் இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் தானே வந்துவிடுகிறார். டெக்னீஷியன் தேர்வு எழுதலாமா என்று ஒருமுறை கேட்டார். அந்த உரிமத்தில் பத்து மீட்டரில் பேச்சு 28.3இலிருந்து 28.5 வரைதான், 29க்கு வர முடியாது, ஜெனரலும் சேர்த்து எழுத வேண்டும் என்றதும், அப்படியானால் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றார். சுவிட்சை எந்த நிலையில் வைத்தாலும் அவர் பார்வை வாட்மீட்டரில்தான் இருக்கிறது. இன்று ஒரு வாட்டில் டெக்ஸஸ்காரர் ஒருவரோடு பேசி முடித்ததும், 3.2க்குத் திருப்பி ஒரு தடவை பேசிப் பார்க்கச் சொன்னார். பேசினேன். டெக்ஸஸில் வித்தியாசம் தெரியவில்லையாம். தனக்குத் தெரிந்தது என்கிறார் பெரியவர்.